ராமநாதபுரம் கடற்கரையில் ஓட எழுபதாயிரம் ரூபாய் வாட்ச் வேண்டுமா? ஓர் ஒப்பீடு

இரண்டு மாதத்தில் மூன்று பேர் ஒரே கேள்வியை என்னிடம் கேட்டுவிட்டார்கள். முதல் ஆள் கீழக்கரைத் தம்பி ஒருவர், அரை மாரத்தானுக்குத் தயாராகிறவர். "சார், எங்க காக்கா (அண்ணன்) அடுத்த மாசம் துபாய்லேருந்து வர்றாங்க. கார்மினோட விலை கூடின ஃபீனிக்ஸ் வாட்ச் வாங்கிட்டு வரச் சொல்லவா, இல்ல சின்னதா ஒண்ணு போதுமா?" இரண்டாவது, காவலர் தேர்வுக்கு ஓடிப் பழகும் உச்சிப்புளிப் பையன். தவணையில் வாட்ச் எடுக்கலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தான். மூன்றாவது ராமேஸ்வரத்தில் வங்கி வேலை பார்க்கும் தோழி. கடலில் நீந்துகிறவர். அவருக்கு ஓட்டத்தைவிட நீச்சல் கணக்குதான் முக்கியம்.

மூவருக்கும் ஒரே பதில் சொல்ல முடியவில்லை. ஆனால் மூவருக்கும் பொதுவாக ஒன்று உண்டு: மூவரும் நம் கடற்கரைக்காரர்கள். இணையத்தில் கிடைக்கும் வாட்ச் விமர்சனங்கள் பெரும்பாலும் மலையிலும் மாநகரத்திலும் ஓடுகிறவர்கள் எழுதியவை. அவர்களுக்குப் பணம் கொடுத்துத் தீர்க்கவேண்டிய சில தொல்லைகள் நமக்கு இல்லவே இல்லை. நமக்கு இருக்கும் தொல்லைகளை அவர்கள் பேசுவதே இல்லை. அதனால் விலைப்பட்டியலைப் பார்க்கும் முன், எதை வைத்து எடை போடுவது என்பதை முடிவு செய்துகொள்வோம்.

## எதை வைத்து எடை போடுவது

தூரக் கணக்கு. ஜிபிஎஸ் வாட்சின் அடிப்படை வேலை இதுதான். ஏறக்குறைய 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களின் சிக்னலைப் பிடித்து, ஒவ்வொன்றும் வந்துசேர எவ்வளவு நேரம் ஆனது என்பதிலிருந்து தன் இடத்தைக் கணக்கிடுகிறது. சிக்னல் நேராக வந்தால் கணக்கு சரி. உயர்ந்த கட்டடத்திலோ மலைச்சரிவிலோ பட்டுத் தெறித்து வந்தால் அது கடந்த பாதை நீண்டுவிடும். நாம் ஒரு தெருவில் ஓட, வாட்ச் பக்கத்துத் தெருவில் கோடு போடும். விலை கூடிய வாட்ச்களின் பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் 'இரட்டை அலைவரிசை' இதற்கான மருந்து. 1575.42 மெகாஹெர்ட்ஸில் வரும் எல்1 சிக்னலோடு 1176.45 மெகாஹெர்ட்ஸில் வரும் எல்5 சிக்னலையும் சேர்த்துக் கேட்டு, தெறித்து வந்ததை நேராக வந்ததிலிருந்து பிரித்துப் பார்க்க உதவுகிறது. சென்னையின் அடுக்குமாடி வரிசைக்கு நடுவிலும் கொடைக்கானல் சரிவிலும் இது காசு கொடுக்கத் தகுந்த வசதி.

இங்கே சிக்னல் தெறிக்க என்ன இருக்கிறது? ராமநாதபுரத்திலிருந்து மண்டபம் வரை இருபுறமும் சீமைக்கருவேலமும் பனையும். அதைத் தாண்டினால் 2.3 கி.மீ. பாம்பன் சாலைப்பாலம், தலைக்கு மேல் வெறும் வானம். ராமேஸ்வரம் தாண்டி தனுஷ்கோடிச் சாலையில் போனால் இரண்டு பக்கமும் கடல், அரிச்சல்முனை வரை நிழலுக்குக்கூட ஒன்றும் கிடையாது. செயற்கைக்கோளுக்கு இதைவிட நல்ல இடம் அமையாது.

மதுரை நண்பர் ஒருவரின் உயர்விலை வாட்சை ஆறு வாரம் இரவல் வாங்கி, இடது கையில் என்னுடைய விலை குறைந்த வாட்ச், வலது கையில் அது, இடுப்புப் பையில் போன் என்று மூன்றையும் கட்டிக்கொண்டு இந்தச் சாலைகளில் ஓடினேன். மூன்றும் காட்டிய தூரம் கிட்டத்தட்ட ஒன்றுதான். வந்த சிறு வித்தியாசமும் எந்தப் பக்கம் கூடும், எந்தப் பக்கம் குறையும் என்று சொல்ல முடியாதபடி நாளுக்கு நாள் மாறியது. எனக்குத் தீர்ப்பு கிடைத்த இடம் அதுதான். சந்தேகம் இருந்தால் நீங்களும் நெடுஞ்சாலையின் கிலோமீட்டர் கல்லுக்குக் கல் ஓடிப் பாருங்கள்.

உப்பு, வியர்வை, வெயில். விமர்சனங்கள் ஒரு வரியில் கடந்துபோகும் இந்த விஷயம்தான் இங்கே வாட்சின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. வியர்வை வழியும் விரலுக்குத் தொடுதிரை சரியாக அசைந்துகொடுக்காது. ஓட்டத்தின் நடுவில் சுற்று நேரத்தைப் பதிய அழுத்தும் பொத்தான் வேண்டும். காலை ஏழரைக்கே வெயில் முகத்தில் அறையும் ஊரில் திரை எப்படிப்பட்டது என்பதும் முக்கியம். தானே ஒளிரும் அமோலெட் திரை அழகு, ஆனால் வெயிலில் தெரிய பிரகாசத்தைக் கூட்டிக்கொண்டே போகவேண்டும், பேட்டரி கரையும். வெளிச்சத்தைத் திருப்பிக் காட்டும் பழைய மாதிரித் திரைகள் வீட்டுக்குள் மங்கலாகத் தெரிந்தாலும், உச்சி வெயிலில் இன்னும் தெளிவாகும்.

கடல் நீச்சல். தனியாகப் பேசவேண்டியது, கீழே வருகிறேன்.

இதயத்துடிப்பு, பேட்டரி. இரண்டும் தேவையைப் பொறுத்தவை. வாரத்துக்கு ஆறு மணி நேரம் ஓடுகிறவருக்கு ஜிபிஎஸ் போட்டு இருபது மணி நேரம் ஓடும் பேட்டரியே தாராளம்.

வாங்கிய பிறகு ஆகும் செலவு. பெட்டியின் மேல் எழுதாத விலை.

## ஒரே பார்வையில்

| வகை | தோராய விலை | இங்கே எதற்கு உதவும் | கவனிக்கவேண்டியது |
|---|---|---|---|
| கையிலுள்ள போன், இலவசச் செயலி | 0 | ஓட்டம், சைக்கிள், ஆரம்ப ஆறு மாதம் | வியர்வை, எடை. கடலுக்கு ஆகாது |
| ஜிபிஎஸ் சிப் இல்லாத ஸ்மார்ட் வாட்ச் | ரூ. 1,500 – 4,000 | நேரம், அழைப்பு, நடை எண்ணிக்கை | தூரத்துக்குப் போனையே நம்பும் |
| உள்ளேயே ஜிபிஎஸ் உள்ள தொடக்க வாட்ச் | ரூ. 7,000 – 20,000 | 5 கி.மீ. முதல் மாரத்தான் வரை | பலவற்றில் கடல் நீச்சல் முறை இல்லை |
| நடுத்தர ஓட்ட வாட்ச் | ரூ. 22,000 – 50,000 | ஓட்டம், கடல் நீச்சல், டிரையத்லான் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் சேர்ந்த போட்டி) பயிற்சி | பாதி வசதியைத் தொடாமலே போகலாம் |
| உயர்விலை வாட்ச் | ரூ. 60,000-க்கு மேல் | மலையோட்டம், நெடுந்தூர ஓட்டம் | சேவை, வாரண்டி, பழுதுச் செலவு |

விலை பண்டிகைத் தள்ளுபடியில் இறங்கும், புது மாடல் வந்தாலும் இறங்கும். வரிசை மட்டும் மாறாது.

## போனும் இலவசச் செயலியும்

ஓட ஆரம்பித்து ஆறு மாதம் ஆகாதவர் எதையும் வாங்கவேண்டாம். கையிலிருக்கும் போனின் ஜிபிஎஸ்ஸே போதும். சில போன்களில் இரட்டை அலைவரிசையும் இருக்கிறது. இடுப்புப் பை ஒன்று, போனை வைக்க ஜிப் வைத்த நெகிழிப் பை ஒன்று, இவ்வளவுதான் முதலீடு. மிச்சக் காசுக்கு நல்ல ஷூ வாங்குங்கள். ஷூவின் அடிப்பாகம் சில நூறு கிலோமீட்டரில் தேய்ந்து அடங்கிவிடும், அந்தச் செலவு எப்படியும் திரும்பத் திரும்ப வரும்.

இதன் குறை, ஓடும்போது வேகத்தைப் பார்க்க முடியாது. காதில் குரல் சொல்லும் செயலிகள் உண்டு. ஆனால் விடியலில் நெடுஞ்சாலை ஓரம் ஓடும்போது காதை அடைத்துக்கொள்வதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

## மூவாயிரம் ரூபாய் ஸ்மார்ட் வாட்ச்

இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். பெட்டியில் 'ஜிபிஎஸ் வசதி' என்று இருக்கும். பல வாட்ச்களில் அதன் பொருள், பக்கத்திலிருக்கும் போனின் ஜிபிஎஸ்ஸை ப்ளூடூத் வழியாகக் கடன் வாங்கும் என்பது. போனை வீட்டில் வைத்துவிட்டு ஓடினால் கை வீச்சை எண்ணி, ஓர் உத்தேச அடி நீளத்தால் பெருக்கித் தூரம் சொல்லும். பாம்பன் பாலத்தில் எதிர்காற்றில் அடி சுருங்கும், அதற்கு அது தெரியாது. கடைக்காரரிடம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: "போன் இல்லாம போனா வரைபடத்துல கோடு விழுமா?"

தினசரி உபயோகத்துக்கு வாங்குகிறீர்கள் என்றால் குறையில்லை. ஓட்டத்துக்கென்று வாங்கவேண்டாம்.

## தொடக்க வாட்ச்: பெரும்பாலோருக்கு இங்கேயே முடிந்துவிடும்

2021-இல் வந்த கார்மின் ஃபோர்ரன்னர் 55-ஐ உதாரணமாக எடுத்துக்கொள்வோம். 37 கிராம், ஐந்து பொத்தான், வெயிலில் தெரியும் திரை, ஜிபிஎஸ் போட்டு 20 மணி நேரம் வரை. அமேஸ்ஃபிட் போன்றவர்களின் வாட்ச்கள் இதற்கும் கீழ் விலையில் உள்ளேயே ஜிபிஎஸ்ஸோடு கிடைக்கின்றன. இவற்றில் பலவற்றில் வரைபடம் இல்லாததும், உயரத்தை அளக்கும் காற்றழுத்தமானி இல்லாததும் குறையாகச் சொல்லப்படும்.

நம் ஊரில் ஏற்றம் என்று சொல்ல என்ன இருக்கிறது? படகுகள் போக நடுவில் உயர்த்திக் கட்டிய பாம்பன் பாலம் ஒன்று. அதற்காகப் பத்தாயிரம் கூடுதலாகக் கொடுக்கவேண்டுமா என்று யோசியுங்கள். வரைபடமும் அப்படியே. ராமேஸ்வரத்திலிருந்து அரிச்சல்முனைக்கு ஒரே சாலை. வழி தவறினால் கடலில்தான் கால் வைப்போம்.

காற்றழுத்தம் சட்டென்று இறங்கினால் சில வாட்ச்கள் 'புயல் எச்சரிக்கை' கொடுக்கும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த வார்த்தை ஈர்க்கும். ஆனால் வாட்ச் சொல்வது அது இருக்கும் இடத்தின் அழுத்தத்தை மட்டும். பாம்பன் துறைமுகத்தில் கூண்டு ஏற்றியாயிற்றா என்பதே நாம் பார்க்கவேண்டிய எச்சரிக்கை.

இந்த வகையில் உண்மையான குறை ஒன்று உண்டு, அதுவும் கடற்கரைக்காரருக்கு மட்டும். ஃபோர்ரன்னர் 55-இல் நீச்சல்குள முறை இருக்கிறது, கடல் நீச்சல் முறை இல்லை. குள முறையில் வாட்ச் சுவரைத் தொட்டுத் திரும்புவதை எண்ணித் தூரம் கணக்கிடும், ஜிபிஎஸ்ஸைக் கேட்காது. பெட்டியில் '5 ஏடிஎம்' என்று இருப்பதைப் பார்த்துக் கடலுக்கு ஆகும் என்று வாங்கிவிட்டு வருத்தப்பட்டவர்கள் உண்டு. 5 ஏடிஎம் என்பது 50 மீட்டர் ஆழத்து அசையா நீரின் அழுத்தத்தைத் தாங்கும் என்ற அளவு. நீந்தலாம், கெடாது. ஆனால் தூரம் வராது.

## நடுத்தர வாட்ச்: கடலில் நீந்துகிறவர் யோசிக்கவேண்டிய இடம்

ஜிபிஎஸ் சிக்னல் தண்ணீருக்குள் சில சென்டிமீட்டர்கூடத் தாண்டாது. கை வெளியே வரும் கணத்தில் வாட்ச் அவசரமாக இடத்தைக் குறித்துக்கொள்கிறது. கையை வீசி நீந்தும் ஃப்ரீஸ்டைலில் இது ஓரளவு நடக்கும். தவளை நீச்சலில் கை நீருக்குள்ளேயே இருப்பதால் கோடு கண்டபடி வளையும், தூரம் பொய்யாகும். கடல் நீச்சல் முறை இருக்கும் வாட்ச் விட்டுப்போன புள்ளிகளைக் கணித்துக் கோட்டைச் சரிசெய்கிறது. ஆயிரங்களைக் கூட்டிக் கொடுத்தாலும் நீரின் இயல்பு மாறாது, அதனால் லட்ச ரூபாய் வாட்சும் இங்கே ஒரு எல்லைக்குள்தான் நிற்கும். கையில் கட்டாமல், பின்னால் இழுத்துவரும் மிதவைப் பைக்குள் வைத்து நீந்தினால் சாதாரண வாட்சும் அழகான கோடு போடும்.

அந்த மிதவையைப் பற்றி ஒரு வார்த்தை. கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிறத்தில் சில ஆயிரத்துக்குள் கிடைக்கிறது. படகோட்டியின் கண்ணுக்கு நம் தலை தெரியாது, மிதவை தெரியும். வாட்சுக்கு முன் அதை வாங்குங்கள். கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் மன்னார் வளைகுடாவான ஆண் கடல் கொந்தளிக்க, பாக் நீரிணைப் பக்கத்துப் பெண் கடல் படுத்துக் கிடக்கும். வாடை வந்தால் பெண் கடலும் முரண்டு பிடிக்கும். எந்த மாதம் எந்தப் பக்கம் இறங்குவது, சொறி (ஜெல்லி மீன்) எங்கே ஒதுங்கியிருக்கிறது என்பதையெல்லாம் வாட்ச் சொல்லாது, கரையில் வலை சரிசெய்துகொண்டிருக்கும் அண்ணன்மார் சொல்வார்கள். மிகிர் சென் 1966-இலும், பன்னிரண்டு வயதில் குற்றாலீசுவரன் 1994-இலும் பாக் நீரிணையை நீந்திக் கடந்தபோது இருவர் கையிலும் ஜிபிஎஸ் இல்லை, கூட வந்த படகை நம்பினார்கள்.

இந்த வகையில் இப்போது விலை ஒரு நல்ல திசையில் போகிறது. 2023-இல் வந்த கோரோஸ் பேஸ் 3, நைலான் பட்டையோடு 30 கிராம் எடையில், இரட்டை அலைவரிசையும் கடல் நீச்சல் முறையும் சேர்த்தே தருகிறது. முன்பு உச்சி விலையில் மட்டும் கிடைத்த துல்லியம் கீழே இறங்கிவிட்டது. அப்படியானால் அதற்கும் மேலே போகிறவர் எதற்குக் கொடுக்கிறார்?

## உயர்விலை வாட்ச்

டைட்டானியம் உறை, எளிதில் கீறல் விழாத சஃபையர் கண்ணாடி, உள்ளேயே வரைபடம், சிலவற்றில் டார்ச், பல நாள் பேட்டரி. எல்லாம் உண்மையான பொருள்கள்தான். இரவல் வாட்சில் எனக்கு மிகவும் பிடித்தது டார்ச். விடியலுக்கு முன் ஓடும்போது எதிரே வரும் வண்டிக்கு என் கை தெரிந்தது. ஆனால் அதே வேலைக்கு முந்நூறு ரூபாய் நெற்றி விளக்கு இருக்கிறது.

ஆப்பிள் வாட்ச் அல்ட்ரா 2 இந்தியாவில் 89,900 ரூபாய்க்கு அறிமுகமானது. சாதாரண உபயோகத்தில் 36 மணி நேரம் என்று நிறுவனமே சொல்கிறது. ஐபோன் இல்லாதவருக்கு அது பயன்படாது. ஓட்டத்துக்கென்றே செய்த வாட்ச்கள் இதைவிடக் குறைந்த விலையில் இதைவிட நாள் தாங்கும்.

உயர்விலை வாட்ச் தரும் 'உடல்தகுதி மதிப்பெண்' பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. வேகத்தையும் இதயத்துடிப்பையும் ஒப்பிட்டு அது மதிப்பெண் போடுகிறது. சித்திரை, வைகாசியில் நம் கரையில் காற்றே ஈரத் துணி மாதிரி இருக்கும். உடலைக் குளிரவைக்க இதயம் கூடுதலாக அடிக்கும், வேகம் குறையும். வாட்ச் அதைப் பார்த்து, 'உன் பயிற்சி பலன் தரவில்லை' என்கிறது. நன்றாகத் தேறிவந்த ஒருவர் இதைப் படித்துவிட்டு இன்னும் கடுமையாக ஓடி, தலைசுற்றி உட்கார்ந்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். அந்த மாதங்களில் அந்த மதிப்பெண் பக்கத்தைத் திறக்காதீர்கள். மூச்சு வாங்காமல் பக்கத்தில் ஓடுகிறவரோடு பேச முடிகிறதா என்று பாருங்கள், அது நல்ல அளவுகோல்.

இதயத்துடிப்பே சில நேரம் தவறும். மணிக்கட்டில் பச்சை ஒளியைப் பாய்ச்சி ரத்த ஓட்டத்தின் ஏற்ற இறக்கத்தைப் படிக்கும் முறை இது. பட்டை தளர்ந்தால், நிமிடத்துக்கு 170, 180 என்று விழும் காலடியையே துடிப்பு என்று எண்ணிவிடும். விலை கூடிய வாட்சிலும் இது நடக்கும். துடிப்பு துல்லியமாக வேண்டும் என்றால் ஐந்தாறாயிரத்தில் மார்புப் பட்டை வாங்கித் தொடக்க வாட்சோடு இணையுங்கள், இணையுமா என்று மட்டும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டும் சேர்ந்தும் உயர்விலை வாட்சின் பாதி விலையைத் தொடாது. கடலுக்குள் மட்டும் அந்தப் பட்டையின் ப்ளூடூத் வாட்சை எட்டாது.

## பெட்டியில் எழுதாத விலை

கடல் உப்பு முதலில் தின்பது பின்பக்கத்து சார்ஜ் முனைகளை. ஈரத்தோடு சார்ஜில் போட்டால் முனை பச்சை பிடிக்கும். என் முதல் வாட்ச் அப்படித்தான் போனது. கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, பொத்தான்களை நீருக்குள்ளேயே நாலு முறை அழுத்தி, துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகுதான் சார்ஜ். நல்ல தண்ணீர் குடத்துக்குக் காசு கொடுக்கும் ஊர்கள் நம்முடையவை என்பது தெரியும், ஒரு குவளை போதும்.

பெரிய செலவு பழுது. நம் ஊரில் இதைப் பிரித்துப் பார்க்க ஆள் இல்லை. மதுரைக்கோ சென்னைக்கோ அனுப்பவேண்டும். அங்கும் பல சமயம் பழுது பார்ப்பதில்லை, ஒரு தொகையைக் கட்டினால் வேறு வாட்ச் தருவார்கள். அந்தத் தொகை வாட்சின் விலையோடு சேர்ந்து உயரும். பேட்டரியும் சில ஆண்டுகளில் தளரும்.

வெளிநாட்டிலிருந்து வருவது தனிக் கதை. கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி என்று நம் கரையில் வளைகுடாவில் ஆள் இல்லாத தெரு குறைவு. அங்கே விலை சற்றுக் குறையலாம். ஆனால் பல நிறுவனங்கள் வாரண்டியை வாங்கிய நாட்டோடு கட்டிவிடுகின்றன. எனக்குத் தெரிந்த ஒருவரின் வாட்ச் எட்டே மாதத்தில் நின்றது. இங்குள்ள சேவை மையம் பில்லைப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டது. அடுத்த முறை ஊருக்கு வந்த ஆள் அதைத் திரும்ப எடுத்துப்போகும்வரை அது அலமாரியில் கிடந்தது.

தனியே ஓடும் பெண்கள் 'நேரலைத் தடம்', 'விபத்து எச்சரிக்கை' வசதிக்காக விலை கூட்டிக் கொடுக்கிறார்கள். சிம் போடும் வாட்ச் தவிர்த்து, மற்றவற்றில் இந்த வசதி வேலை செய்ய போன் உடம்போடு இருக்கவேண்டும், அதில் சிக்னலும் இருக்கவேண்டும். போனைத் தூக்கித்தான் ஆகவேண்டும் என்றால் போனிலேயே இடத்தைப் பகிரலாம், அதற்குக் காசில்லை.

படகில் போகும் நண்பர்கள் சிலர் இந்த வாட்ச் இலங்கைக் கடல் எல்லைக் கோட்டைக் காட்டுமா என்று கேட்டதுண்டு. வேண்டாம். கையடக்க ஜிபிஎஸ் கருவியில் திரை பெரிது, பேட்டரியை நடுக்கடலில் மாற்றலாம், ஈரக் கையால் அழுத்தலாம். உயிரும் படகும் பணயமாகும் இடத்தில் விளையாட்டு வாட்சை நம்பக்கூடாது.

## மூவருக்கும் சொன்னது

உச்சிப்புளித் தம்பிக்கு: தவணை வேண்டாம். காவலர் தேர்வில் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடவேண்டும். அது மைதான ஓட்டம். 400 மீட்டர் வளையத்தில் ஜிபிஎஸ் வளைவுகளை வெட்டிப் போடும், அங்கே அது பலவீனம். ராமநாதபுரம் சீதக்காதி சேதுபதி விளையாட்டரங்கில் மூன்றே முக்கால் சுற்று, கையில் முந்நூறு நானூறு ரூபாய் ஸ்டாப்வாட்ச். ஒவ்வொரு சுற்றையும் 1 நிமிடம் 50 விநாடிக்குள் வை, 7 நிமிடத்துக்குக் கொஞ்சம் மிச்சத்தோடு முடிப்பாய். தவணைக்கு எடுத்துவைத்த காசில் முட்டையும் பாலும் வாங்கு.

ராமேஸ்வரத்துத் தோழிக்கு: நடுத்தர வாட்ச், கடல் நீச்சல் முறை இருக்கிறதா என்று எழுத்தில் பார்த்து வாங்குங்கள். மிதவை முதலில். பட்டைக்கு உலோகக் கொக்கி இல்லாத நைலான்.

கீழக்கரைத் தம்பிக்கு நீண்ட பதில் தேவைப்பட்டது. "வருஷத்துக்கு ரெண்டு முறையாவது மலையில ஓடப் போறியா?" என்று கேட்டேன். இல்லை என்றார். "ஆறு மணி நேரத்துக்கு மேல ஒரே ஓட்டம்?" அதுவும் இல்லை. கொடைக்கானல், நீலகிரி ஓட்டங்களுக்குப் போகிறவர், நூறு கிலோமீட்டர் ஓடுகிறவர், ஏற்கெனவே ஒரு சின்ன வாட்சை மூன்று வருடம் கட்டி அதில் இன்னதுதான் குறை என்று விரல் விட்டுச் சொல்லத் தெரிந்தவர், இவர்களுக்கு உயர்விலை வாட்ச் தகும், நானே வாங்கச் சொல்வேன். தம்பிக்கு இப்போது தொடக்க வாட்ச், இந்தியாவில் வாங்கிய பில்லோடு.

ஆனாலும் காக்கா ஆசையாகக் கேட்டிருக்கிறார், எதையாவது சொல்லித்தான் ஆகவேண்டும் என்றார். நல்ல ஓட்ட ஷூ இரண்டு ஜோடி கொண்டுவரச் சொல்லுங்கள், அதற்கு வாரண்டிப் பிரச்சினை கிடையாது என்றேன். இப்போது காலின் அளவை சென்டிமீட்டரில் எடுத்து அனுப்பியிருக்கிறார்.